மெலிவிக்கும் மருந்தும் அதன் பாயிரமும்

நோன்பு மாதம் பிறப்பதற்குச் சில நாள்களே இருந்தன. அஸர்த் தொழுகை முடிந்து வந்து விறாந்தையில் அமர்ந்திருந்தேன். முன்னொரு காலத்தில் என்னிடம் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் படலையைத் திறந்துகொண்டு வந்தார். வளைகுடா நாடொன்றில் தொழில் பார்ப்பவர். விடுமுறையில் ஊர் வந்திருந்தார். கொணர்ந்த பேரீச்சம்பழப் பொதியை என் கையில் தந்தபின், வெறும் அட்டைப்பெட்டியொன்றையும் பல மடிப்பாக மடித்த தாளொன்றையும் எடுத்து என்முன் வைத்தார்.

“சேர், இது வீட்டுக்காரிக்குக் கொண்டுவந்த மருந்து. மருந்து குளிர்ப்பெட்டிக்குள்ள இருக்கு. கிழமைக்கு ஒரு ஊசி போட்டா உடம்பு குறையுமாம். அங்க கனபேர் போடுறாங்க. போடலாமா?”

“நான் வைத்தியன் அல்லவே, தம்பி” என்றேன்.

“அது தெரியும் சேர். எந்த எழுத்தையும் கேள்வி கேட்டுத்தான் வாசிக்கணும் எண்டு படிச்சுத் தந்தது நீங்கதானே?”

இதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. வைத்தியரைக் காணாமல் ஓர் ஊசியும் போட வேண்டா என்று சொல்லி அவரை அனுப்பினேன். அன்றிரவே அத்தாளை எடுத்துக்கொண்டு, வைத்தியத்துறையில் இருக்கும் வேறொரு பழைய மாணவரிடம் சென்றேன். அவர் ஆய்வுக் கட்டுரைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பொறுமையோடு விளக்கினார். ஆசிரியன் மாணவனாக அமர்ந்த அம்மாலைகளில் அறிந்தவற்றையே இங்கு எழுதுகின்றேன்.

அந்த ஊசியின் பெயர் செமாகுளூட்டைட். அதன் பின் வந்த தீர்செபட்டைட் என்பதும் அந்த இனத்தைச் சேர்ந்ததே. உலக சுகாதார நிறுவனம் 2025 செப்டெம்பரில் இவ்வின மருந்துகளை அத்தியாவசிய மருந்துப் பட்டியலிற் சேர்த்தது. நீரிழிவோடு இருதயநோயோ சிறுநீரகநோயோ இருந்து, உடற்பருமனும் உடையார்க்காகவே அவ்வாறு சேர்த்தது. அதே ஆண்டு டிசெம்பரில், உடற்பருமனையே ஒரு நீடித்த நோயாகக் கொண்டு, வளர்ந்தோர்க்கு இம்மருந்துகளை நீண்டகாலம் வழங்கலாம் என வழிகாட்டியொன்றை வெளியிட்டது. ஆயின், கருவுற்ற மகளிர்க்கு அன்று என விலக்கியது. உணவும் உடலுழைப்பும் திருந்த உதவும் பயிற்சியையும் அவற்றோடு சேர்த்து வழங்கலாம் என்றது. அப்பரிந்துரையும் நிபந்தனைக்கு உட்பட்டதே என்று தெளிவாகக் குறித்தது. நாளிதழ்களில் இச்செய்தியின் முற்பகுதி பெரிய எழுத்திலும் பிற்பகுதி சிறிய எழுத்திலும் வெளிவந்தன.

இம்மருந்து எவ்வாறு வேலை செய்கிறது? நாம் உண்டபின் குடலானது ஒரு சுரப்பைக் குருதியில் விடுகிறது. அது கணையத்தை ஏவி இன்சுலினைச் சுரப்பிக்கிறது. இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. ‘போதும்’ என்னும் செய்தியை மூளைக்கு அனுப்புகிறது. இயற்கைச் சுரப்பு சில நிமிடங்களில் அழிந்துவிடும். அமெரிக்கப் பாலைநிலத்தில் வாழும் நச்சுப்பல்லியொன்றின் உமிழ்நீரில் அதை ஒத்த, அழிவதற்கு நெடுநேரம் செல்லும் பொருளொன்று இருப்பதை ஜோன் எங் என்னும் வைத்தியர் 1992இல் கண்டறிந்தார். அதன் வழியாக 2005இல் நீரிழிவுக்கு ஒரு மருந்து பிறந்தது. கிழமைக்கு ஒரு முறை போட்டாற் போதும் என்னும் செமாகுளூட்டைட் 2017இல் நீரிழிவுக்கும் 2021இல் உடற்பருமனுக்கும் ஐக்கிய அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

உடலை மெலிவிக்க மருந்து தேடுவது புதிய வேட்கையன்று. அத்தேட்டத்தின் வரலாறு பெரும்பாலும் துயர வரலாறாகவே இருந்திருக்கிறது. 1933இல் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தார் டைநைற்றோபீனோல் என்னும் இரசாயனம் உடலெடையைக் குறைக்கும் என அறிவித்தனர். மக்கள் வாங்கி விழுங்கினர். எடை குறைந்தது, சிலர்க்குக் கண்ணிற் புரை படர்ந்தது, சிலர் உடற்சூடு தணியாமலே மாண்டனர். 1938ஆம் ஆண்டுச் சட்டத்தோடு அதன் விற்பனை அங்கே ஒழிந்தது. பென்புளூரமின் என்னும் குளிசை இருதய வால்வுகளைப் பழுதாக்குவதாகக் கண்டு 1997இல் மீளப்பெறப்பட்டது. ஐரோப்பாவில் 2006இல் அனுமதி பெற்ற ரிமோனபன்ற், உளச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் தூண்டுவதாகக் கண்டு 2008இல் நிறுத்தப்பட்டது. சிபியூட்றமின் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் பெருக்குவதை ஏறத்தாழப் பதினாயிரம் பேரிடம் நிகழ்ந்த ஆய்வு காட்டியதும் 2010இல் அதுவும் போயிற்று. இவை யாவும் எடையைக் குறைத்த மருந்துகளே. ஆகவே தராசு முள் கீழே இறங்கியது என்பது மட்டும் ஒரு மருந்துக்குச் சான்றாகாது என்பதை உலகம் பெருவிலை கொடுத்துக் கற்றது.

நிற்க. தமிழில் ஒரு நூலைக் கற்கப் புகுவோன் முதற்கண் அதன் பாயிரத்தைப் பார்த்தல் மரபு. நன்னூலார் சிறப்புப் பாயிரம் உணர்த்தவேண்டியவற்றை எட்டாக வகுத்தார்; காலம், களம், காரணம் என்பவற்றைக் கூட்டிப் பதினொன்று என்பாரும் உளர். மருந்தாய்வு ஒன்றைப் படிக்கும்போதும் இவ்வினாக்களே எனக்குத் துணை நின்றன. செய்தவர் யார்? அது செல்லும் எல்லை யாது? யாருக்காகச் செய்யப்பட்டது? பயன் என்ன? எவ்வளவு காலத்துக்கு? இறுதி வினாவில் ‘காலம்’ என்பதன் பொருளைச் சற்றே நீட்டிக்கொண்டேன். இலக்கணம் வல்ல நண்பர்கள் பொறுப்பாராக.

செய்தவர் யார் என்பதற்கு விடை எளிது. செமாகுளூட்டைட் ஆய்வுகளை நடத்தியது அதனை உற்பத்தி செய்யும் டென்மார்க்கின் நோவோ நோர்டிஸ்க். தீர்செபட்டைட் ஆய்வுகளை நடத்தியது அதனை உற்பத்தி செய்யும் அமெரிக்காவின் இலை லில்லி. இதனாலேயே அவை பொய்யாகிவிடா. யாருக்கு மருந்து, யாருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்து, போடுவோரும் அறியாமல் போடப்படுவோரும் அறியாமல் நடத்திய ஆய்வுகள் அவை. ஆயினும், எந்த வினாவை ஆராய்வது, எந்த மக்களிடம் ஆராய்வது என்பதைத் தெரிபவர் பணம் இடுபவரே என்பதை நாம் மறத்தல் ஆகாது.

பயனைப் பார்ப்போம். 2021இல் வெளிவந்த முதற் பேராய்வில் 1,961 பேர் பங்குகொண்டனர். 68 கிழமை முடிவில் மருந்து பெற்றோர் சராசரியாக நூற்றுக்கு 14.9 வீதம் எடை இழந்தனர். வெறும் ஊசி பெற்றோர் 2.4 வீதம் இழந்தனர். 2022இல் தீர்செபட்டைட் பெற்றவர்கள், மிகுந்த அளவில், 72 கிழமைகளில் 20.9 வீதம் வரை இழந்தனர். 2023இல் வெளிவந்த ஆய்வு இவற்றினும் முக்கியமானது. இருதயநோயும் மிகை எடையும் உடைய, நீரிழிவு இல்லாத 17,604 பேரை மூன்று ஆண்டுகளுக்கு மேலாகத் தொடர்ந்து பார்த்தனர். மாரடைப்பு, பக்கவாதம், இருதயநோய் மரணம் ஆகியவை மருந்து பெற்றோரிடம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. முந்திய மருந்துகள் தோற்ற இடத்தில் இம்மருந்து வென்றது; இது மறைக்கத்தகாத உண்மை.

ஐந்தில் ஒரு பங்கு என்பதை விரித்துப் பார்த்தல் வேண்டும். வெறும் ஊசி பெற்ற ஆயிரம் பேரில் எண்பது பேருக்கு அத்தீங்கு நேர்ந்தது. மருந்து பெற்ற ஆயிரம் பேரில் அறுபத்தைந்து பேருக்கு நேர்ந்தது. பதினைந்து குடும்பங்களின் கண்ணீர் துடைக்கப்பட்டது, அது சிறிதன்று. ஆயின் ஆயிரம் பேரும் மூன்றாண்டுகளுக்கு மேல் ஊசி போட்டே அப்பதினைந்து கிட்டியது. இரண்டையும் ஒருங்கே சொல்வதுதான் நேர்மை.

இனிக் காலம். மருந்தை நிறுத்தினால் என்ன ஆகும்? முதற் பேராய்வில் பங்குகொண்ட சிலரை மருந்து நிறுத்தியபின் ஓராண்டு தொடர்ந்து பார்த்ததில், இழந்த எடையில் மூன்றில் இரு பங்கு மீண்டுவிட்டது. குருதியமுக்கக் குளிசையை நிறுத்தினால் அமுக்கம் மீள்வது போன்றதே இது, மருந்தின் குற்றமன்று. ஆனால் ஒரு விடுமுறைக்குக் கொண்டுவந்த மூன்று மாத ஊசியால் என்ன பயன் என்னும் வினா இங்கே எழுகிறது. குமட்டலும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் பலருக்கு வரும். பித்தக்கல்லும் கணைய அழற்சியும் சிலருக்கு நேரலாம். கொழுப்போடு தசையும் குறையும். இத்தனையையும் தாங்கிப் பெற்ற பயன், விசா முடிந்து பணவரவு நின்ற அன்றைக்கு மெல்ல மெல்லத் திரும்பிப் போகும்.

என் உள்ளத்தை மிகவும் தைத்தவை எல்லையும் கேட்போரும் பற்றிய வினாக்களே. 2021ஆம் ஆண்டு ஆய்வில் பங்குகொண்டோரின் சராசரி எடை 105 கிலோகிராம். அவர்களில் நால்வரில் மூவர் வெள்ளையர். நீரிழிவுடையோர் அவ்வாய்விற் சேர்க்கப்படவில்லை. நீரிழிவுடையோரிடம் தனியே நடத்திய இன்னோர் ஆய்வில் எடைக்குறைவு நூற்றுக்கு 9.6 வீதமாகவே நின்றது. நமது நிலைமை யாது?

இலங்கையில் 2018, 2019ஆம் ஆண்டுகளில் நாடளாவிய முறையில் நடத்திய சுகாதார முதுமை ஆய்வு, வளர்ந்தோரில் ஏறத்தாழ நூற்றுக்கு 23 பேருக்கு நீரிழிவு உண்டு எனக் கண்டது. வசதியுடையோரிடமும் நகரத்தாரிடமும் முஸ்லிம்களிடமும் அது மிகுதி என்றது. இதனினும் திகைப்பூட்டும் செய்தி, இயல்பான எடையுடையோரிலும் ஐவரில் ஒருவருக்கு அந்நோய் இருந்தது என்பதாகும்.

இதற்கு நானே சான்று. என் உயரம் ஐந்தடி ஐந்தங்குலம். எடை அறுபது கிலோகிராம். கிலோகிராமில் எடையை, மீற்றரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்ணைக் கொண்டே பருமனை அளக்கின்றனர். என் எண் 22. உலக சுகாதார நிறுவனத்தார் உடற்பருமன் எனக் கொள்வது 30. ஆயினும் எனக்குச் சீனி வருத்தம் உண்டு என்று நம்மூர் வைத்தியசாலையிற் சொன்னபோது, என் மனைவி அதனை நம்ப மறுத்தாள். “நூல் மாதிரி இருக்கிற மனிசனுக்கும் சீனியா?” என்று தாதியிடமே கேட்டாள். நம்மவர் உடலில் கொழுப்பு கைகால்களில் தோன்றாமல் வயிற்றினுள்ளே உறுப்புகளைச் சூழ்ந்து தங்கும் இயல்புடையது என்கின்றனர். அதனால் ஆசிய மக்களுக்கு அவ்வெண் 23ஐ எட்டும்போதே விழிப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் அறிஞர் குழு 2004இலேயே உரைத்தது. இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்ரிமீற்றரையும் பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றரையும் கடத்தல் ஆகாது என்பதும் தென்னாசியருக்கு வகுத்த அளவே.

மற்றவர் உடலை அளந்து தைத்த சட்டையை நாம் உடுத்திக்கொள்ள வேண்டியதில்லை. நம் உடலை அளந்த ஆய்வும் உண்டு. சென்னையில் வைத்தியர் அ. இராமச்சந்திரனும் அவர்தம் குழுவினரும் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வு அது. நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரை நான்காகப் பிரித்தனர். ஒரு பிரிவினர்க்குப் பொது அறிவுரை மட்டும்; இரண்டாம் பிரிவினர்க்கு நடையும் உணவுத் திருத்தமும்; மூன்றாம் பிரிவினர்க்கு மெற்போமின் குளிசை; நான்காம் பிரிவினர்க்கு இரண்டும். மூன்றாண்டு முடிவில் முதற் பிரிவில் நூற்றுக்கு 55 பேர் நோயாளராயினர். ஏனைய மூன்று பிரிவுகளிலும் அத்தொகை 39க்கும் 41க்கும் இடையே நின்றது. நாளுக்கு அரைமணிநேர நடை, குளிசைக்கு இணையாக நின்றது. அதுவும் எடையில் குறிப்பிடத்தக்க குறைவு நேராமலே. நம் இனத்தவர், நம் உணவினர், நம்மைப் போன்ற உடலினர் தந்த சான்று இது. மெற்போமினோ விலை மலிந்த மருந்து; அரசாங்க வைத்தியசாலையிற் கிடைப்பது. ஆனால் இச்செய்தியைப் பெரிய எழுத்தில் அச்சிட்ட பத்திரிகையை நான் கண்டதில்லை.

இன்னுமொரு குறையும் உண்டு. நாம் ஆண்டுக்கொரு மாதம் பகல் முழுதும் நீரும் அருந்தாமல் நோன்பிருப்பவர். பதின்மூன்று நாடுகளில் 2001இல் நடத்திய ஆய்வொன்று, நீரிழிவுடைய முஸ்லிம்களிற் பெரும்பாலோர் நோன்பு நோற்பதையும், அம்மாதத்தில் குருதிச்சீனி ஆபத்தான அளவுக்கு விழுதல் பன்மடங்கு மிகுவதையும் காட்டியது. குமட்டலும் வாந்தியும் உண்டாக்கும் ஊசியொன்றை நோன்புக் காலத்தில் தொடங்கலாமா, கூட்டலாமா, குறைக்கலாமா என்பது நமக்கு உயிர்நிலையான வினா. பேராய்வுகளின் பாயிரத்தில் அவ்வினாவுக்கு இடமில்லை.

நம் நாட்டில் ஆராய்ச்சி செய்ய இயலாது என்பார்க்கு ஒரு செய்தி. குறைந்த அளவில் மூன்று குருதியமுக்க மருந்துகளை ஒரே குளிசையாக்கிக் கொடுத்தால் என்ன என்னும் வினாவை இலங்கையின் பதினொரு வைத்தியசாலைச் சிகிச்சை நிலையங்களில் 700 நோயாளரிடம் ஆராய்ந்தனர். ஆறு மாதத்தில், அக்குளிசை பெற்றோரில் நூற்றுக்கு 70 பேரின் அமுக்கம் கட்டுக்குள் வந்தது; வழமையான சிகிச்சை பெற்றோரில் 55 பேருக்கே வந்தது. 2018இல் உலகின் முன்னணி வைத்திய இதழொன்றில் அது வெளியாயிற்று. அவ்வெண்ணத்தின் வழி வந்த முக்கூட்டுக் குளிசையொன்று 2025 ஜூனில் ஐக்கிய அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நம்மவர் எழுநூற்றுவர் கையை நீட்டித் தந்த சான்று உலகத்துக்குப் பயன்பட்டது. அமுக்கத்துக்குச் செய்ததை உடற்பருமனுக்கும் நீரிழிவுக்கும் செய்ய இயலாதா?

இன்று இவ்வினாவுக்கு அவசரமும் உண்டு. இந்தியாவில் செமாகுளூட்டைட் காப்புரிமையின் தவணை 2026 மார்ச்சு வரையே. அதன்பின் பல கம்பனிகள் செய்யும் மலிவான ஊசிகள் கடல் கடந்து நம் கடைவீதிக்கும் வரும் என எதிர்பார்க்கலாம். உற்பத்தி எவ்வளவு பெருகினும், 2030இல் உலகிற் பயன்பெறத்தக்கவரிற் பத்தில் ஒருவருக்கும் குறைவானவர்க்கே இவ்வின மருந்துகள் கிட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தப் பத்தில் ஒருவர் யார்? இருதயம் நொந்து, மூட்டுத் தேய்ந்து, மூச்சுத் திணறி நிற்பவரா? அல்லது திருமணப் பேச்சு நிறைவேற வேண்டி மெலியுமாறு நெருக்கப்படும் இருபது வயதுக் குமரிப்பிள்ளையா? விலை மலிந்தால் மட்டும் நீதி கிடைத்துவிடாது. முதலில் யாருக்கு என்பதை வைத்தியர் வகுக்க வேண்டும். வகுப்பதற்கு நம்மவரிடம் செய்த ஆய்வு அவர் கையில் இருக்க வேண்டும்.

திருக்குறளில் மருந்து என்றோர் அதிகாரம் உண்டு. அதில் மூலிகையொன்றின் பெயரோ சூரணமொன்றின் பெயரோ இல்லை. உண்ணும் அளவே பெரிதும் பேசப்படுகிறது. ஈற்றில் மருத்துவத்தின் உறுப்புகளை நான்காக எண்ணும்போது, நோயாளி, வைத்தியன், மருந்து என்னும் மூன்றோடு, உடனிருந்து உதவுவோனையும் வள்ளுவர் சேர்க்கிறார். உடற்பருமனுக்கும் நீரிழிவுக்கும் உடனிருந்து உதவ வேண்டியது ஊர் என்றே நான் கருதுகிறேன்.

சென்னை ஆய்வின் 531 பேரில் பெண்கள் 110 பேர் மட்டுமே. அந்த எண்ணைப் படித்தபோது நம் ஊரை நினைத்தேன். ஆண்மக்கள் சுபஹு முடிந்து கடற்கரையில் நடக்கின்றோம். கரைவலை இழுப்போரைப் பார்த்துக்கொண்டே கடற்கரைப் பள்ளிவாசல் வரை போய்வருகின்றோம். பெண்மக்கள் எங்கே நடப்பது? மதிலோடு மதில் ஒட்டிய வளவுகள். ஒழுங்கை அகலமோ ஒரு முச்சக்கரவண்டி போகும் அளவு. “நடவுங்கள்” என்று வைத்தியர் எழுதித் தரும் மருந்தை அவர்கள் எந்தக் கடையில் வாங்குவது? பாடசாலை மைதானத்தை மாலையில் ஒருமணிநேரம் மகளிர்க்கென ஒதுக்குதல் பெரிய காரியமன்று. பள்ளிவாசல் நிருவாகத்தாரும் அதிபர்மாரும் ஒருநாள் கூடிப் பேசினால் முடிந்துவிடும். கந்தூரியிலும் கலியாணத்திலும் சஹனைச் சூழ்ந்து ஒன்றாய் உண்பது நம் பெருமை. அதனை விட வேண்டா. சோற்றைச் சற்றே குறைத்து மரக்கறியைச் சற்றே கூட்டினால் விருந்தின் மாண்பு குறைந்துவிடாது. வட்டிலப்பத்தை வேண்டாம் என்பவரை மூன்று முறை வற்புறுத்தாதிருப்பதும் ஓர் உபசாரமே.

என் மாணவர் பத்து நாள் கழித்து மீண்டும் வந்தார். மனைவியை வைத்தியரிடம் அழைத்துச் சென்றாராம். அவர் ஊசியைப் பற்றிப் பேசுமுன் இடுப்பை அளந்தாராம், குருதிச்சீனியைப் பார்த்தாராம், பிள்ளைப்பேறு எதிர்பார்க்கிறீர்களா என்றும் நோன்பு நோற்பீர்களா என்றும் கேட்டாராம். சீனி சற்று மிகுந்திருக்கவே மெற்போமின் எழுதித் தந்து, ஊசியை நோன்பு கழிந்தபின் யோசிப்போம் என்றாராம். “அந்த ஊசியை எத்தனை வருசம் வாங்கித் தருவீங்க எண்டும் கேட்டார், சேர். எனக்குப் பதில் சொல்லத் தெரியல்ல” என்றார்.

பிறகு, எங்கள் பாடசாலை மைதானத்துக்குத் திறப்பு யாரிடம் இருக்கிறது என்று என்னிடம் கேட்டார்.